டிரைவைத் திருப்புவதற்கு முன்: சாச்சுரேஷன் கேள்வி பதில்

வீட்டிலேயே பாட்டு மிக்ஸ் செய்யும் நண்பர்கள் சாச்சுரேஷன் பிளகின் (ஒலிக்கு லேசான கரகரப்பும் கனமும் சேர்க்கும், மிக்ஸிங் மென்பொருளில் செருகும் துணைமென்பொருள்) பற்றி நிறைய கேட்டிருந்தீர்கள். கைக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

அண்ணா, சாச்சுரேஷனும் டிஸ்டார்ஷனும் ஒன்றா? உள்ளே என்னதான் நடக்கிறது?

ஒன்றுதான், அளவுதான் வேறு. ஒலி அலையின் உச்சி மெல்ல மழுங்குகிறது. அப்படி மழுங்கும்போது மூலத்தில் இல்லாத சுரங்கள் பிறக்கின்றன. 100 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 200, 300, 400, 500 என்று அடுக்கடுக்காக வரும். 100ஐ சட்ஜமாக வைத்துக்கொண்டால் 200 மேல் சட்ஜம், 300 அதற்கு மேலுள்ள பஞ்சமம், 500 அதற்கும் மேலே அந்தர காந்தாரம். அலையின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே மாதிரி மழுங்கினால் 300, 500 போன்ற ஒற்றைப்படை மட்டும் வரும். பழைய டேப் ரெக்கார்டரைப் போல ஒலிக்கும் டேப் வகைகள் பெரும்பாலும் இந்தப் பக்கம். இரண்டு பாதியும் வேறு வேறாக மழுங்கினால் 200, 400உம் சேரும். பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரைப் போல ஒலிக்கும் டியூப் பிளகின்களில் பலர் தேடும் உருட்சி இந்த 200தான்.

போட்டவுடன் பிரமாதமாக இருக்கிறது. மறுநாள் கேட்டால் காது வலிக்கிறது. ஏன்?

டிரைவை, அதாவது எவ்வளவு மழுங்க வேண்டும் என்று சொல்லும் குமிழை, ஏற்றியபோது சத்தமும் ஏறியிருக்கும். சத்தம் கூடினால் எதுவும் நன்றாகத்தான் கேட்கும். நான் செய்வது இது: டிரைவை ஏற்றியபின், பைபாஸ் செய்தாலும் (பிளகினைத் தற்காலிகமாக அணைத்தாலும்) செய்யாவிட்டாலும் சத்தம் ஒன்றாக இருக்கும்வரை அவுட்புட்டைக் குறைப்பேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, எது ஆன் எது ஆஃப் என்ற கணக்கு தப்பும்வரை பைபாஸ் பட்டனை அழுத்துவேன். அப்போதும் காது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதை வைத்துக்கொள்வேன். வித்தியாசம் தெரியவில்லை என்றால் பிளகினை எடுத்துவிடுவேன். வேறு எந்தப் பதிலை மறந்தாலும் இதை மறக்காதீர்கள், தயவுசெய்து.

என் பேஸ் கிட்டார் போனில் கேட்டால் காணாமல் போகிறது.

சாச்சுரேஷனுக்கு மிக நல்ல வேலை இதுதான். போன் ஸ்பீக்கரால் 60 ஹெர்ட்ஸைத் தர முடியாது. ஆனால் 180, 240, 300 கேட்டால் போதும், நம் மூளையே 60ஐ நிரப்பிக்கொள்ளும். பேஸுக்கு ஒரு சென்ட் (ஒலியின் நகலைத் தனி டிராக்குக்கு அனுப்பும் வழி) எடுங்கள். அதில் டிரைவைத் தாராளமாக ஏற்றி, பின்னால் ஈக்யூ (அதிர்வெண் வாரியாகக் கூட்டிக் குறைக்கும் பிளகின்) போட்டு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். அந்த நகலின் சத்த அளவை மாற்றும் ஃபேடரைக் கீழிருந்து மெதுவாக ஏற்றி, போனில் பேஸ் வரி புரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அசல் டிராக்கைத் தொட வேண்டாம், அடிவயிறு அங்கேதான் இருக்கிறது.

மிருதங்கத்துக்குப் போடலாமா?

பொதுவாக டிரம்முக்குச் சொல்லும் அறிவுரையை இங்கே அப்படியே கொண்டுவரக் கூடாது. சாதாரண தோல் கருவியில் மேல் அதிர்வெண்கள் முறையான அடுக்காக வராது. மிருதங்கத்தின் வலந்தலையிலோ (வலது பக்கத் தோலிலோ) கரணை என்ற கருப்புப் பூச்சு இருப்பதால் அவை கிட்டத்தட்ட முழு எண் மடங்காகவே அமைகின்றன, சி.வி. ராமன் 1920இலேயே 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதாவது, நாம் பிளகினில் தேடுவதைக் கருவி செய்தவர் ஏற்கெனவே தோலில் வைத்துவிட்டார். அதனால் வலந்தலை மைக்கை விட்டுவிடுங்கள். அதில் டிரைவ் ஏற்றினால் சாப்பு என்ற அடி மழுங்கும், மீட்டு என்ற அடியின் நுனி போய்விடும். தொப்பி (இடது பக்கம்) மைக் தனியாக இருந்தால் அதற்குக் கொஞ்சம் போடலாம். தொப்பியில் வரும் கும்கி என்ற தாழ்ந்த ஒலி, பேஸ் மாதிரியே சின்ன ஸ்பீக்கரில் காணாமல் போகிற ஒலி.

குரலில் போட்டால் 'ஸ', 'ஷ' எல்லாம் கண்ணாடி கீறுவது போல வருகிறது.

டீ-எஸ்ஸரை (சீறலைக் குறைக்கும் பிளகினை) சாச்சுரேஷனுக்கு முன்னால் வையுங்கள். அப்புறம் பிளகினில் ஓவர்சாம்பிளிங் (உள்ளே அதிக சாம்பிள் ரேட்டில் கணக்கிடும் வசதி) இருந்தால் போடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் உள்ள புராஜெக்ட்டில் அதில் பாதியான 24க்கு மேல் எதுவும் இருக்க முடியாது. 10 கிலோஹெர்ட்ஸ் சீறலின் மூன்றாம் மடங்கு 30. அதற்கு இடமில்லாததால், 24ஐத் தாண்டிய 6 அளவுக்கு மடங்கி 18இல் வந்து விழும். சுரத்தோடு சம்பந்தமே இல்லாத ஒலி அது.

இலவசமாக எது நல்லது?

சாஃப்ட்டியூபின் சாச்சுரேஷன் நாப், கிளாங்ஹெல்மின் இவ்ஜி. இரண்டுமே போதும்.

மாஸ்டரில் (எல்லா டிராக்கும் சேரும் இறுதி டிராக்கில்) போட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒட்டவைக்கலாம் என்கிறார்களே?

அரை டெசிபெல் அளவுக்கு லேசாக என்றால் சரி. அதற்கு மேல் போனால், ஒன்றாக ஒலிக்கும் சுரங்கள் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் புதுச் சுரங்களை உண்டாக்கும். 200உம் 240உம் சேர்ந்து ஒலித்தால் 40உம் 440உம் முளைக்கும். 200ஐ சட்ஜமாக வைத்தால், அந்த 440 மேல் ஸ்தாயியில் எந்த ரிஷபத்திலும் உட்காராது. தம்புரா நிற்காமல் ஓடும் பாட்டில் இது சீக்கிரமே காதில் உறுத்தும். அப்படிப்பட்ட பாட்டில் மாஸ்டரை விட்டுவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் வரும் டிராக்குகளில் தனித்தனியாகப் போடுங்கள்.