வாங்கிய விலையைவிட நோட்டீஸ் விலை கூடுதலா?

கேள்வி: டெக்சஸில், டாலஸ் பக்கம் போன அக்டோபரில் 540,000 டாலருக்கு வீடு வாங்கிக் குடிவந்தோம். சொத்து வரிக்காக வீட்டின் மதிப்பைச் சொல்லி இப்போது வந்திருக்கும் அப்ரைசல் நோட்டீஸில் 595,000 என்று போட்டிருக்கிறார்கள். ஹோம்ஸ்டெட் (குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான வரிச் சலுகை) இருந்தால் வரிக்கான மதிப்பை வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாதாமே, அப்புறம் எதற்கு புரொட்டஸ்ட் (மதிப்பை எதிர்த்து மனு)?

பதில்: அந்த 10 சதவீத வரம்பு உங்களுக்கு இந்த வருஷம் கிடையாது. ஹோம்ஸ்டெட் கிடைத்த முதல் ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் அமலுக்கு வரும். இந்த ஆண்டு நிற்கிற தொகைதான் அதற்கு அடிப்படை. 595,000-ஐ அப்படியே விட்டால் அடுத்த ஆண்டு 654,500 வரை ஏற்றலாம்; 540,000-க்கு இறக்கினால் 594,000-ஐத் தாண்ட முடியாது. ஆகவே புது வீட்டுக்காரர் கட்டாயம் போராட வேண்டிய வருஷம் இது.

மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், இரண்டில் எது பிந்தியதோ அதுதான் புரொட்டஸ்டுக்குக் கெடு. அதற்கான படிவத்தில் ‘மார்க்கெட் வேல்யூ தவறு’, ‘மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் சமமில்லை’ என்ற இரண்டு கட்டங்களிலும் டிக் போடுங்கள். ஒன்றை விட்டால் அந்த வாதத்தைப் பிறகு எடுக்க முடியாமல் போகலாம். மதிப்பு போடும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் வைத்திருக்கும் ஆதாரங்களையும் அப்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கேட்டும் விசாரணைக்கு 14 நாள் முன்னால் தராததை அவர்கள் அங்கே பயன்படுத்த முடியாது.

உங்கள் பெரிய ஆயுதம் வீடு வாங்கியபோது கையெழுத்திட்ட, விலையைக் காட்டும் க்ளோசிங் பேப்பர். மதிப்பு ஜனவரி 1 நிலவரப்படி போடப்படுவதால், மூன்று மாதம் முந்தைய விலையைச் சுலபமாகத் தள்ள முடியாது. (டெக்சஸில் விற்பனை விலையை அரசிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நோட்டீஸைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கியவர்கள் க்ளோசிங் பேப்பரை நீட்ட வேண்டாம்.) இணையத்தில் உங்கள் வீட்டுப் பதிவைத் திறந்து சதுர அடி, குளியலறை எண்ணிக்கை, நீச்சல் குளம் எல்லாம் சரியா என்றும் பாருங்கள். அஸ்திவார விரிசலுக்கு போட்டோ மட்டும் போதாது, பழுதுபார்க்கும் நிறுவனத்தின் எஸ்டிமேட் வேண்டும். ஜனவரி 1-க்குப் பிறகு, உதாரணமாக மார்ச்சில், ஆலங்கட்டி மழையில் கூரை போனது இந்த ஆண்டுக் கணக்கில் வராது.

‘வரி கட்ட முடியவில்லை’, ‘ஸ்கூல் வரி அநியாயம்’ என்று பேசிப் பயனில்லை, புரொட்டஸ்டை விசாரிக்கும் ஏ.ஆர்.பி. என்ற மறுஆய்வுக் குழுவுக்கு வரி விகிதத்தில் அதிகாரம் இல்லை. விசாரணைக்கு முன்பே டிஸ்ட்ரிக்டின் அப்ரைசர் (மதிப்பீட்டாளர்) ஒரு தொகை சொல்லி சமரசம் பேசுவார். ஒப்புக்கொண்டால் அதுவே முடிவு, அந்த ஆண்டு திரும்பப் போக வழியில்லை. 560,000 என்று ஆரம்பித்தால் உடனே தலையாட்டாதீர்கள். குழுவுக்குப் போனால் நோட்டீஸில் உள்ளதைவிட ஏற்றிவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். சட்டம் அதைத் தடுக்கிறது.

கேள்வி: பல வருஷமாக ஒரே வீடு, ஹோம்ஸ்டெட் உண்டு. மார்க்கெட் வேல்யூ 620,000, வரிக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பு 480,000. ‘மார்க்கெட் வேல்யூவில் முப்பதாயிரம் குறைத்துத் தருகிறேன்’ என்கிறார் புரொட்டஸ்ட் செய்து தரும் ஒரு ஏஜென்ட். ஒப்படைக்கலாமா?

பதில்: 10 சதவீத வரம்பால் வரி போடுவது 480,000-க்குத்தான் என்பதால், 620,000 என்பது 590,000 ஆனால் இந்த ஆண்டு உங்களுக்கு ஒரு டாலர்கூட மிச்சமில்லை. மார்க்கெட் வேல்யூ 480,000-க்குக் கீழே இறங்கினால்தான் பில் குறையும். அவருடைய கட்டணம் மார்க்கெட் வேல்யூவில் குறைந்ததன் மேலா, பில்லில் நிஜமாகக் குறைந்த வரியின் மேலா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். முதலாவது என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.