எம்.எல்.ஏ. தேர்தலில் 'டெபாசிட் இழந்தார்' என்றால் என்ன பொருள்?

சட்டமன்றத் தேர்தலில் வேட்புமனு தாக்கல் செய்பவர் 10,000 ரூபாய் பிணைத்தொகை கட்ட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் 5,000. தோற்றவர், பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அந்தப் பணம் அரசுக்குப் போய்விடும். அதுதான் டெபாசிட் இழப்பு.

கணக்கு இப்படி: செல்லுபடியான வாக்குகள் 1,80,000 என்றால் ஆறில் ஒரு பங்கு 30,000. சரியாக 30,000 வாங்கினாலும் போச்சு, 30,001 வேண்டும். நோட்டா இந்தக் கூட்டலில் சேராது. பலரும் தப்புக்கணக்கு போடுவது இங்கேதான்.

விளையாட்டுக்கு நிற்பவர்களைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. வாடகை வீட்டு அட்வான்ஸ் மாதிரி: ஒழுங்காக இருந்தால் திரும்பும், இல்லாவிட்டால் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் இன்றைய பிரசாரச் செலவுக்கு முன் 10,000 யாரையும் பயமுறுத்தாது.

மனு தள்ளுபடியானாலோ, உரிய நேரத்துக்குள் வாபஸ் வாங்கினாலோ பணம் கிடைத்துவிடும். பொதுத்தேர்தலில் இரண்டு தொகுதிகளில் நின்றவருக்கோ, இரண்டிலும் ஜெயித்தாலும் ஒரு டெபாசிட்தான் திரும்பும்.

டெபாசிட் போனவர் அடுத்த தேர்தலில் நிற்க முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி எந்தத் தடையும் இல்லை, போவது பணம் மட்டுமே.