கேள்வி பதில்: நரம்பைத் தூண்டும் அச்சு மின்வாய்கள்

கேள்வி: மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மின்வாய்களை (மின்சாரத்தைச் செலுத்தும் கடத்தி முனைகளை) அச்சிட்டு, உடலுக்குள் வைத்து நரம்பைத் தூண்டலாம் என்று என் மகள் படித்துச் சொன்னாள். அந்த மின்சாரம் நரம்பைப் பழுதாக்காதா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தங்கள் அச்சம் நியாயமானதே. உப்புத் தண்ணீரில் இரண்டு இரும்பு ஆணிகளை நிறுத்தி, டோர்ச் பற்றரிகள் இரண்டைத் தொடராக இணைத்தால், ஓர் ஆணியில் குமிழிகள் எழும். மற்றது அரிபட்டுத் தண்ணீர் மெல்லப் பழுப்பாகும். உடலுக்குள் இருப்பதும் உப்பு நீர்தான்.

இதைத் தவிர்க்கவே, ஒவ்வொரு மின் துடிப்பிலும் முதலில் எதிர் மின்னேற்றத்தைச் செலுத்தி, உடனே அதே அளவு நேர் மின்னேற்றத்தால் சமன் செய்கிறார்கள். பிளாட்டினம் மின்வாயின் மின்னழுத்தம், ஒப்பீட்டுக்காக வைக்கும் வெள்ளி–வெள்ளிக் குளோரைட்டு மின்வாயோடு ஒப்பிடுகையில், ஏறத்தாழ −0.6 வோல்ட்டுக்கும் +0.8 வோல்ட்டுக்கும் இடையில் நின்றால் தண்ணீர் பிரிகையடையாது.

அச்சு மின்வாயில் நான் முதலில் சந்தேகிப்பது மையைத்தான். வெள்ளி மை தோலின் மேல் ஒட்டும் பட்டைகளுக்குப் பொருந்தும். உள்ளே வைத்தால், கரையும் வெள்ளி அயன்கள் இழையங்களுக்கு நஞ்சாகும் என்பதால், நரம்பைத் தொடும் முகத்துக்குப் பிளாட்டினம், கரி அல்லது மின்கடத்தும் பல்பகுதியத்தை (பொலிமரை) நாடுகிறார்கள். தாள் மடங்கி மைப்படை வெடித்தாலோ, தொடும் பரப்புச் சுருங்கி, அதே மின்னோட்டம் சிறு இடத்தில் குவிந்து மேலே சொன்ன மின்னழுத்த எல்லையை மீறக்கூடும். ஆகவே உப்புக் கரைசலில் பலமுறை வளைத்து, துடிப்புகளைத் தொடர்ந்து செலுத்திச் சோதித்த பின்னரே அதை உடலுக்குள் வைப்பது பற்றிப் பேசலாம்.