போர் முடிந்த செய்தி வந்த பத்திரிகை: அசலா, நகலா?

கேள்வி: என் தாத்தா பர்மா போர்முனைக்குப் போய்த் திரும்பியவர். அவர் நினைவாக, இரண்டாம் உலகப் போர் முடிந்த செய்தி வந்த பத்திரிகை ஒன்றை வாங்க ஆசை. கோயம்புத்தூரில் ஒரு பழம்பொருள் கடையில், 15-8-1945 தேதியிட்ட சென்னை ஆங்கிலக் காலை நாளிதழின் முதல் பக்கத்தை ஃபிரேம் போட்டு 6,000 ரூபாய் சொல்கிறார்கள். ஜப்பான் சரணடைந்த செய்தி கொட்டை எழுத்தில் இருக்கிறது. அசல்தானா? போலி என்றால் கேரளத்தில் இருந்தே புகார் செய்யலாமா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: அவசரப்பட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள், தேதியே சந்தேகம் தருகிறது. ஜப்பான் சரணடைந்ததை அமெரிக்க அதிபர் ட்ரூமன் அறிவித்தது வாஷிங்டனில் ஆகஸ்ட் 14 மாலை 7 மணிக்கு. இங்கே அப்போது 15-ஆம் தேதி விடிகிற நேரம். காலைப் பத்திரிகை பெரும்பாலும் அதற்குள் அச்சாகியிருக்கும். மாலை இதழ், சிறப்புப் பதிப்பு என்றால் 15 சரி. காலை இதழுக்கு 16-ஆம் தேதியைத் தேடுங்கள். சரணடைவு ஒப்பந்தம் கையெழுத்தானது செப்டம்பர் 2-இல் என்பதால், அதற்கடுத்த நாள் இதழ்களையும் விசாரிக்கலாம்.

அப்புறம், ஃபிரேமைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் நகல்தான். அசலில் அங்கே அன்றைய இரண்டாம் பக்கம் இருக்கும். பூதக்கண்ணாடியில் எழுத்துகளைப் பாருங்கள். படம் மட்டுமே புள்ளிகளாகத் தெரிய வேண்டும். எழுத்தும் புள்ளி புள்ளியாக உடைந்தால் பக்கத்தைப் படமெடுத்து அச்சடித்திருக்கிறார்கள். பழைய அச்செழுத்து தாளை லேசாக அழுத்தியிருக்கும், சாய்ந்த வெளிச்சத்தில் அந்தத் தடம் தெரியும். பழைய தாள் ஓரத்திலும் மடிப்பிலும்தான் அதிகம் பழுக்கும். முழுக்க ஒரே டீ நிறம் என்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

எல்லாம் சரியாக இருந்தாலும், "1945-இல் அச்சான அசல், மறுபதிப்பு அல்ல" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்கவே வேண்டாம்.

ஏமாந்தால் எல்லை ஒரு தடையில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதாவது பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பாருங்கள். வியாபாரியாக இல்லாத தனிநபரிடம் வாங்கினால் இந்த வழி கிடைக்காது.

என்னைக் கேட்டால், ஒற்றைப் பக்கத்தைவிட முழு இதழ் நல்லது. அதிலும் சுதேசமித்திரன், தினமணி, மாத்ருபூமி போல, அன்று உங்கள் வீட்டார் கையில் எடுத்துப் படித்திருக்கக்கூடிய ஒன்றைத் தேடுங்கள். உங்கள் மாவட்டத்துச் சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துப் பழைய வீடுகளில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்த தாள்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கிடைத்தால் லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். அமிலமில்லாத உறையில் மடிக்காமல், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.