கூலியும் ஈவும்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

நாசரேத்துக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். 34 ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தகப்பனார் பனையேறி. 'உழைக்காத காசு உடம்பில் ஒட்டாது' என்பது அவர் வாக்கு. அடுத்த வீட்டிலிருந்து பலகாரம் வந்தால் அந்தத் தட்டு எங்கள் வீட்டிலிருந்து ஒருநாளும் வெறுமனே திரும்பிப் போனதில்லை. நானும் அப்படியே வாழ்ந்துவிட்டேன். திருச்சபைக்குச் செலுத்தும் சங்கக் காணிக்கையில் பாக்கி வைத்ததில்லை. மொய் நோட்டில் எழுதியிருந்ததைச் செய்யாமல் விட்டதில்லை.

கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் ஆண்டுதோறும் 'இரட்சிப்பு தேவனுடைய இலவச ஈவு' என்று பிரசங்கம் கேட்கிறேன். அந்த 'இலவசம்' என்ற சொல் எனக்குக் கூசுகிறது. இலவசமாக வந்த டிவியும் மிக்சியும் பெற்ற மரியாதையை நாம் எல்லாரும் பார்த்தோம். 'கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள்' என்று எங்கள் முன்னோரை ஏசியதையும் சிறுவயதில் காதாரக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. என் தம்பி தன் பங்குக்கு வந்த விளையை, அந்தப் பனந்தோட்டத்தை, குடித்தே அழித்தவன். பெண்டாட்டி பிள்ளைகளைத் தெருவில் விட்டவன். இப்போது கால் விளங்காமல் இரண்டு வருடமாக என் வீட்டில் கிடக்கிறான். 'ஆண்டவர் என்னைச் சேர்த்துக்கொண்டார், அண்ணே' என்று அழுகிறான். இந்தக் கிறிஸ்துமஸுக்கு என்னோடு கோயிலுக்கு வந்து திருவிருந்து எடுக்க வேண்டுமாம். முழங்காலைக்கூட மடக்க முடியாது. எனக்குக் கிடைப்பதும் அவனுக்குக் கிடைப்பதும் ஒன்றுதானா? அப்படியானால் நான் இத்தனை வருடம் செய்ததெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்? பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையின் மேலேயே வைத்திருந்தேன். கிறிஸ்துமஸ் காலத்தில் எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை வாழ்த்துகள், உங்களுடையது வழக்கு. யாரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்த ஒரு மனிதர் கடவுளிடமும் கைநீட்டக் கூசுகிறார் என்பதாகவே அதை வாசித்தேன். அந்தக் கூச்சத்தை நான் குறையாக எண்ணவில்லை, ஏனென்றால் அது எனக்கும் உண்டு.

பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் ஒருமுறை தேர்வுக் கட்டணம் கட்ட என்னிடம் பணமில்லை. ஊருக்குப் போய்விடுவதென்று பெட்டியைக் கட்டிவிட்டேன். எங்களுக்குப் பாடம் எடுத்த ஓர் ஆசிரியை, நான் கேட்காமலே, அலுவலகத்தில் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டார். வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வாங்கவில்லை. "அதை நான் எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லையே, பிள்ளை, எதில் வரவு வைக்க?" என்று சொல்லிவிட்டுக் காபி கலக்க உள்ளே போனார். நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக எனக்குக் கோபம் வந்தது. அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் வீடு இருக்கும் தெருவையே தவிர்த்துச் சுற்றிப் போனேன். கடன் கொடுத்தவரைக் கண்டு ஒளிவதை நாம் அறிவோம். கடனே இல்லை என்று சொன்னவரைக் கண்டு நான் ஒளிந்தேன். அவர் அந்தப் பணத்தை வாங்கியிருந்தால் நாங்கள் இருவரும் சமம் ஆகியிருப்போம், வாங்காததால் நான் என்றைக்கும் பெற்றுக்கொண்டவளாகவே அவர் முன் நிற்க வேண்டும் என்பதை என் மனம் பொறுக்கவில்லை. உங்கள் கடிதத்தின் அடியில் இருப்பதும் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் சீமையில் மொய் என்பது வெறும் சடங்கல்ல. வங்கி எட்டிப் பார்க்காத ஊர்களில் ஒரு கல்யாணத்தை நடத்தித் தந்த ஏற்பாடு அது. வந்ததை எழுதி வைத்து, செய்தவர் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ததால்தான் ஏழைக் குடும்பங்கள் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஆகவே உங்கள் தகப்பனார் வெறுந்தட்டை அனுப்ப மறுத்ததில் பெரிய மானம் இருக்கிறது. ஆனால் பவுல் ரோமருக்கு எழுதும்போது, "தனக்குப் பதில் கிடைக்கும்படிக்கு முந்தி அவருக்கு ஒன்றைக் கொடுத்தவன் யார்?" என்று கேட்கிறார். மொய் எழுத ஒரு முதல் வரி வேண்டும் அல்லவா? கடவுளோடு நமக்குள்ள கணக்கில் அந்த முதல் வரியை எழுத நம்மில் ஒருவராலும் முடியாது. பனையும் அதன் பாளையும், ஏறிய கைகாலும் அவற்றில் இருந்த பலமும் அவர் தந்தவை என்றால், உங்கள் தகப்பனாரின் உழைப்பேகூடப் பெற்றுக்கொண்டதன்மேல்தான் நின்றது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். 2006-க்குப் பிறகு கலர் டிவியும், 2011-க்குப் பிறகு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வீடு வீடாக வந்ததில் 'இலவசம்' என்ற சொல்லுக்குத் தேர்தல் வாடை ஏறிவிட்டது. ஆயினும் நம் வேதாகமம் அந்தச் சொல்லைத் தவிர்க்கவில்லை. "இலவசமாய் அவருடைய கிருபையினாலே கிறிஸ்து இயேசுவிலுள்ள மீட்பைக்கொண்டு நீதிமான்களாக்கப்படுகிறார்கள்" என்பது ரோமர் 3:24. இங்கே கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் 'தோரெயான்'. அதே சொல் யோவான் 15:25-இலும் வருகிறது. அங்கே இயேசு தம்மைப் பகைத்தவர்களைக் குறித்துப் பேசுகிறார். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதை "முகாந்தரமில்லாமல் என்னைப் பகைத்தார்கள்" என்று தமிழாக்கியிருக்கிறார்கள். இரண்டு வசனங்களையும் அருகருகே வைத்து வாசித்த நாளில் எனக்கு ஒன்று விளங்கிற்று. இங்கே 'இலவசம்' என்பதன் பொருள் மலிவு அன்று, முகாந்தரம் இல்லாமை. அவரைப் பகைக்க அவரிடத்தில் காரணம் ஒன்றும் இருக்கவில்லை. நம்மை நேசிக்க நம்மிடத்திலும் காரணம் ஒன்றும் இருக்கவில்லை. வாக்குக்காகத் தரப்படும் பொருளுக்கு முகாந்தரம் உண்டு, ஆகவே இந்தப் பொருளில் அது இலவசமே ஆகாது.

"பாவத்தின் சம்பளம் மரணம், தேவனுடைய கிருபைவரமோ நம்முடைய கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவினால் உண்டான நித்தியஜீவன்" என்ற வசனத்தை நீங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகவே சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். சம்பளம் என்று அங்கே சொல்லப்படுவது படைவீரனுக்கு அளக்கப்படும் படிக்காசு. அதற்கு எதிரே நிற்கிறது கிருபைவரம். நம் புராணங்களில் வரம் என்பது தவத்துக்குப் பின் வருவது. ஒற்றைக் காலில் நின்றும் காற்றை உண்டும் வருத்திக்கொண்டவனுக்கு இறைவன் மறுக்க முடியாமல் கொடுப்பது. தவம் செய்யாதவனுக்கு வந்த வரம் என்ற பொருளில் அந்தக் கூட்டுச்சொல்லைத் தமிழ்க் காதால் கேட்டால் அதன் அதிர்ச்சி புரியும்.

இந்த எண்ணம் கப்பலேறி வந்த அந்நியச் சரக்கு என்றும் யாரும் நினைக்க வேண்டியதில்லை. திருச்செந்தூர் ரயில் பாதையில் உங்கள் நாசரேத்துக்கு முந்தைய நிலையம் ஆழ்வார்திருநகரி. அந்த ஊரோடு நெருங்கிய தொடர்புடைய வைணவ ஆசாரியர் மணவாள மாமுனிகளின் மரபில் வந்த தென்கலை வைணவர்கள் 'நிர்ஹேதுக கிருபை', அதாவது காரணம் எதுவும் இல்லாமல் வரும் அருள், என்பதை எத்தனையோ தலைமுறைகளாக ஓதி வருகிறார்கள். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொண்டு தப்பிக்கிறது. பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாய்தான் அதைக் கவ்விச் செல்கிறது என்பது அவர்கள் காட்டும் உவமை. 1827-இல் திருநெல்வேலிக்கருகே கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் என்ற கிறிஸ்தவக் காப்பியத்தைத் தந்தபோது, கிருபை என்ற சொல்லை அவர் புதிதாகத் தேட வேண்டியிருந்திருக்காது என்றே நான் நம்புகிறேன். இரண்டு நெறிகளும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கிறிஸ்தவ விசுவாசம் அந்தக் கிருபையை ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட இரவில் நிகழ்ந்த ஒரு பிறப்போடு கட்டிவிடுகிறது. கிறிஸ்துமஸ் என்பது அதுதான்.

அந்தப் பிறப்பை நான் நினைக்கும்போதெல்லாம் என்னை நிறுத்திவைப்பது நட்சத்திரமோ சாஸ்திரிகளின் பொன்னோ அல்ல. "பிள்ளையைத் துணிகளில் சுற்றி, முன்னணையிலே கிடத்தியிருக்கக் காண்பீர்கள்" என்று மேய்ப்பர்களுக்கு அடையாளம் சொல்லப்பட்டது. துணியை யாரோ சுற்ற வேண்டியிருந்தது. பாலை ஒரு தாய் கொடுக்க வேண்டியிருந்தது. கழுத்து நிற்காத அந்தத் தலையை ஒரு கை தாங்க வேண்டியிருந்தது. கொடுக்க வந்தவர் முதலில் வாங்கிக்கொள்கிறவராக வந்தார், அண்ணாச்சி. அதுவும் எதையும் திருப்பிச் செய்ய முடியாத கைக்குழந்தையாக, வேறொருவர் இடத்தில், மாட்டின் தீவனத் தொட்டியில். பெற்றுக்கொள்வது கேவலம் என்றால் அந்தக் கேவலத்தை அவரே முதலில் ஏற்றுக்கொண்டுவிட்டார். அந்த ஆசிரியையின் தெருவுக்குள் நான் மறுபடி நடந்து போனது, இதை ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் உணர்ந்த பிறகுதான். அவர் அன்றைக்கும் காபி கொடுத்தார். நான் வெறுங்கையோடு போயிருந்தேன்.

விலை இல்லாததற்கு மதிப்பில்லை என்கிறீர்கள். உங்கள் சேகரத்துச் சபையில் நடக்கும் அசனத்தை, அந்தப் பொதுப்பந்தியை, நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் உட்கார்ந்தவரிடம் யாரும் சங்கக் காணிக்கை ரசீது கேட்பதில்லை. வந்தவருக்கெல்லாம் இலை விழுகிறது. மீந்ததை வாளியிலும் தூக்குச்சட்டியிலும் வீட்டுக்கும் கொண்டுபோகிறார்கள். உண்பவருக்கு அது இலவசம். ஆனால் அரிசி மூட்டையை யாரோ இறக்கினார்கள், இரவெல்லாம் பெண்கள் காய் நறுக்கினார்கள், அடுப்பின் புகையில் யாரோ கண்ணெரிய நின்றார்கள். "விலையேறப்பெற்ற இரத்தத்தினாலே மீட்கப்பட்டீர்கள்" என்று பேதுரு எழுதும்போது, நமக்கு விலை கேட்கப்படாததன் காரணத்தைத்தான் சொல்கிறார். இது மனிதனைச் சோம்பேறியாக்காதா என்ற கேள்விக்கு வேதாகமத்தில் வரும் வரி வசூலிப்போர் தலைவன் சகேயுவே பதில். இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவன் 'நாலத்தனையாகத்' திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். திருப்பிக் கொடுத்த பிறகு அவர் வரவில்லை.

கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சைப் பற்றி ஒரு வார்த்தை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போதும் அதை ஒட்டியும் நம் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள் என்பது வரலாறு. அவர்களில் பசியால் வந்தவர்களும் இருந்திருப்பார்கள். அதை மறைக்க நான் விரும்பவில்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. பசித்தவன் சாப்பாடு இருக்கும் வீட்டுக்கு வந்தான். "பணமில்லாதவர்களே, நீங்கள் வந்து, வாங்கிச் சாப்பிடுங்கள்" என்று ஏசாயா கூப்பிட்டது அவர்களைத்தான். வயிறு நிறைந்த பிறகும் அவர்கள் போய்விடவில்லை என்பதையும், அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் உங்களைப் போல வாத்தியார்களாக ஊருக்குக் கொடுக்கிறவர்கள் ஆனார்கள் என்பதையும் ஏசியவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

உங்கள் தம்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனின் கதை வரும் லூக்கா 15-ஆம் அதிகாரத்தை நீங்கள் என்னைவிட அதிகம் வாசித்திருப்பீர்கள். அதில் உங்கள் இடம் எது என்பதும் உங்களுக்குத் தெரியும் என்பதால்தான் இப்படி எழுதினீர்கள் என்று நினைக்கிறேன். வயலிலிருந்து வந்த மூத்தவன் தகப்பனிடம், "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று தொடங்குகிறான். மகனாக இருந்தவன் தன்னைக் கூலிக்காரனாகவே எண்ணிக் கணக்கு வைத்திருந்திருக்கிறான். தகப்பன் அவனைத் திட்டவில்லை; கணக்கைச் சரிபார்க்கவும் இல்லை. "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறான். நீங்கள் செய்ததெல்லாம் எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்டீர்கள். எந்தக் கணக்கிலும் சேராது, அண்ணாச்சி. அவை உங்கள் வீட்டில் நீங்கள் செய்த வேலைகள். இளையவன் பன்றித் தொழுவத்தில் பட்டினி கிடந்த வருடங்களில் மூத்தவன் தகப்பனோடு ஒரே வீட்டில் இருந்தான். அந்த வருடங்கள் அவனுக்கு நஷ்டம் என்று தகப்பன் நினைக்கவில்லை.

உங்கள் தம்பி செய்த தீங்கு அவர் மனைவி மக்கள்மேல் விழுந்தது. கடவுளின் மன்னிப்பு அவர்கள் பட்ட பாட்டை இல்லையென்று ஆக்கிவிடாது. அவர்களிடம் அவர் கேட்க வேண்டியதை அவர்தான் கேட்க வேண்டும், அதற்கு நீங்கள் துணையிருக்கலாம். ஆனால் உங்கள் கேள்வி திருவிருந்தைப் பற்றியது. பலிபீடத்தின் முன்னுள்ள அந்தக் கிராதியில் நாம் எல்லாரும் செய்வது ஒன்றே: வலக்கையை இடக்கையின் மேல் வைத்து வெறுங்கையை ஏந்துகிறோம். காணிக்கைப் பை அந்த இடத்துக்கு வருவதில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியரின் கையும் விளையைக் குடித்தழித்தவரின் கையும் அங்கே எதைக் காட்ட முடியும்? உங்களுக்கும் அவருக்கும் கிடைப்பது ஒன்றுதான். அது உங்களுக்குக் குறைவாகக் கிடைக்கிறது என்று ஆகாது.

அவரால் முழங்கால் மடக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சேகரக் குருவானவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், தம்பி உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கே அப்பத்தையும் பாத்திரத்தையும் கொண்டுவந்து கொடுப்பார். முதியவர்களுக்கு அப்படிச் செய்வது வழக்கம்தான். அதிகாலையில் பனி இறங்கும், அவருக்குத் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக் கூட்டிப் போங்கள். அன்றைக்கு ஒருநாள் நீங்களும் முன்னே எழுந்து போகாமல், அந்தப் பெஞ்சிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொள்ளலாமே.

அன்புடன்,
உங்கள் தங்கை