தொடர் கருச்சிதைவுக்கு ‘இம்யூன்’ சிகிச்சை: மூன்று லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 32, கணவருக்கு 36. திருச்சியில் வசிக்கிறோம். நான்கு ஆண்டுகளில் மூன்று முறை கருவுற்றும், மூன்றும் பத்து வாரத்துக்குள் கலைந்துவிட்டன. ஒரு கருத்தரிப்பு மையத்தில், என் உடலின் எதிர்ப்பு சக்தியே கருவை ஏற்க மறுப்பதாகக் கூறி, என்.கே. செல் (எதிர்ப்பு சக்தி சார்ந்த ஒரு வகை வெள்ளணு) பரிசோதனை, கணவரின் ரத்த வெள்ளணுக்களை எனக்குச் செலுத்தும் சிகிச்சை, இன்ட்ராலிப்பிட், ஐ.வி.ஐ.ஜி. (தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதங்களை நரம்பு வழியே ஏற்றுவது) ஆகியவற்றுக்குச் சேர்த்து ரூ.3,40,000 எஸ்டிமேட் கொடுத்துள்ளார்கள். இருவர் சம்பளமும் சேர்ந்து ரூ.85,000, அதில் என்னுடையது ரூ.35,000. வீட்டுக்கடன் தவணை ரூ.28,000. வைப்புநிதி ரூ.4 லட்சமும் நகை 15 பவுனும் உள்ளன. 14% வட்டியில் ரூ.3 லட்சம் தனிநபர் கடன் கிடைக்கும். வாங்கலாமா, நகையை அடகு வைக்கலாமா?

பதில்: மூன்று இழப்புகளைத் தாங்கியபின் கணக்குப் போட்டுப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், உங்கள் துயரத்தை உணர்ந்தே பதில் சொல்கிறேன். இந்த எஸ்டிமேட்டுக்காகக் கடனும் வாங்க வேண்டாம், நகையையும் அடகு வைக்க வேண்டாம். செலவே செய்யக்கூடாது என்பதல்ல என் கருத்து. எதற்கு முதலில் செலவழிப்பது என்ற வரிசை மாற வேண்டும்.

கருவைப் பாதிக்கும் எதிர்ப்பு சக்திக் கோளாறுகளில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது, ரத்தம் உறையும் போக்கைக் கூட்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய். லூபஸ் ஆன்டிகோயகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் ஆகிய மூன்று ரத்தப் பரிசோதனைகளை எடுத்து, முடிவு பாசிட்டிவ் என்று வந்தால் 12 வாரம் கழித்து மீண்டும் எடுத்து உறுதி செய்வார்கள். உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும்தான் சிகிச்சை. இவற்றுடன் தைராய்டு பரிசோதனை, கருப்பையின் அமைப்பைக் காட்டும் ஸ்கேன் எல்லாம் சேர்ந்தாலும் உங்கள் எஸ்டிமேட்டில் ஒரு சிறு பங்குதான் ஆகும். இவற்றை எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லையென்றால் முதல் செலவு இதுவே. ஹெப்பாரின் தேவைப்பட்டால், பெரும்பாலும் கர்ப்பகாலம் முழுவதும் தினம் ஒரு ஊசி போட வேண்டியிருக்கும். அதற்கு மாதந்தோறும் பல ஆயிரம் வேண்டும். பலன் நிறுவப்பட்ட அந்தச் சிகிச்சைக்குப் பணம் கையில் இருக்க வேண்டுமே என்பதுதான் என் முதல் கவலை.

எஸ்டிமேட்டில் உள்ள மற்றவை அப்படிப்பட்டவை அல்ல. ரத்தத்தில் எடுக்கும் என்.கே. செல் எண்ணிக்கை, கருப்பையில் உள்ள என்.கே. செல்களின் நிலையைக் காட்டுவதில்லை. கணவரின் வெள்ளணுக்களைச் செலுத்தும் முறையை, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே செய்யக்கூடாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2002-லேயே அறிவித்தது, ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரேயின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டியும் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. சோயா எண்ணெயும் முட்டை மஞ்சள்கருக் கொழுப்பும் கலந்த இன்ட்ராலிப்பிட், வாயால் உண்ண முடியாத நோயாளிக்கு நரம்பு வழியே ஊட்டம் தர உருவானது. கருச்சிதைவைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்றில்லை. ஐ.வி.ஐ.ஜி.யை நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட காரணமறியா இழப்புகள் உள்ளவர்களுக்கு, கர்ப்பத்தின் மிகத் தொடக்கத்தில் பரிசீலிக்கலாம் என்று மட்டுமே அதே வழிகாட்டி சொல்கிறது. கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்று வைத்தால், 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைக்கு 24 கிராம், அதாவது 5 கிராம் குப்பிகள் ஐந்து வேண்டும். எஸ்டிமேட் எங்கே ஏறுகிறது என்பது இதில் தெரியும்.

மாறாக, பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், காரணம் தெரியாத தொடர் கருச்சிதைவு கண்ட 836 பெண்கள் பங்கேற்றனர். மருந்தே இல்லாத போலிக் குளிகை பெற்றவர்களில்கூட 63 சதவீதத்தினருக்கு அடுத்த கர்ப்பத்தில் உயிருள்ள குழந்தை பிறந்தது. இந்த வாய்ப்பைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் நகையை வங்கிக்கு எடுத்துச் செல்லக்கூடாது.

இனி கடன் கணக்கு. ரூ.3 லட்சத்துக்கு 14% வட்டியில் மூன்றாண்டுத் தவணை மாதம் சுமார் ரூ.10,250, வட்டி மட்டும் ஏறக்குறைய ரூ.69,000. நீங்கள் கருவுற்று, மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லி, சம்பளமில்லா விடுப்பில் போனால், கணவரின் ரூ.50,000-இல் இரு தவணைகளும் போக மிஞ்சுவது ரூ.12,000-க்கும் குறைவு. எந்தக் குழந்தைக்காகக் கடன் வாங்குகிறீர்களோ, அந்தக் குழந்தை வரும் நேரத்தில்தான் வீட்டில் பணம் இருக்காது.

காப்பீட்டை நம்பியும் இறங்க வேண்டாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விலக்குப் பட்டியலில் நிரூபிக்கப்படாத சிகிச்சை 16-ஆவது, குழந்தையின்மை 17-ஆவது, மகப்பேறு 18-ஆவது. கணவரின் நிறுவனக் குழுக் காப்பீட்டில் விதிவிலக்கு உண்டா என்று மனிதவளத் துறையில் கேளுங்கள். மகப்பேறு பயன்களுக்கான சட்ட விதிகள் உங்கள் பணியிடத்துக்குப் பொருந்தினால், கருச்சிதைவுக்கு ஆறு வாரச் சம்பள விடுப்பு உண்டு. பலர் இதைக் கேட்டுப் பெறுவதே இல்லை.

வைப்புநிதியில் ரூ.2.5 லட்சத்தைத் தொடாமல் பிரசவத்துக்கும் அவசரத்துக்கும் ஒதுக்குங்கள். மீதி ரூ.1.5 லட்சம்தான் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் உச்சவரம்பு. வைப்புநிதியை முறிக்காமல், அதன் மீதே அவ்வப்போது வேண்டிய அளவு கடன் எடுத்தால் வட்டி தனிநபர் கடனைவிடக் குறைவாக இருக்கும்.

எஸ்டிமேட்டுடன் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மகப்பேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். மையத்திடம், ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி விலையும், அது உங்களுக்கு ஏன் தேவை என்பதும், பக்கவிளைவும் எழுத்தில் கேளுங்கள். கருத்தரிப்பு சிகிச்சையின் நன்மை தீமைகளையும் செலவையும் தம்பதிக்குத் தெரிவிப்பது 2021-ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப (ஏ.ஆர்.டி.) ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவுபெற்ற மையங்களின் கடமை. அந்தத் தாள் கைக்கு வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.