அட்டவணைக்கு முன்னால் பால்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கலைக்கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டுக்கு ஜார்ஜ் ஆர்வெல்லின் 'அனிமல் ஃபார்ம்' பாடம். முதலாளியை விரட்டிவிட்டு விலங்குகளே பண்ணையை நடத்தும் கதை, ரஷ்யப் புரட்சியின் உருவகம். நெப்போலியன் என்ற பன்றி ஸ்டாலின், ஸ்னோபால் என்ற பன்றி அவருடைய போட்டியாளர் டிராட்ஸ்கி, பாக்ஸர் என்ற குதிரை உழைக்கும் வர்க்கம் என்று முதல் நாளே கரும்பலகையில் அட்டவணை போட்டுவிடுவேன். தேர்வில் அப்படியே எழுதிவிடுகிறார்கள், ஆனால் கதை யாரையும் தொட்டதாகத் தெரியவில்லை. அரசியல் உருவகத்தை விட்டுவிட்டு வெறும் கதையாக நடத்தலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

விட வேண்டாம், தள்ளிப்போடுங்கள். விடையைச் சொல்லிவிட்டு விடுகதை போட்டால் யார் யோசிப்பார்கள்?

முதலில் பாலை நடத்துங்கள். பண்ணை முதலாளி ஜோன்ஸை விரட்டியாயிற்று. பசுக்களுக்கு மடி கனக்கிறது, பன்றிகளே கறக்கின்றன. ஐந்து வாளி நிறைய நுரைத்த பால். இவ்வளவையும் என்ன செய்வது என்று ஒரு குரல் கேட்கிறது. ஜோன்ஸ் எங்கள் தீவனத்தில் கொஞ்சம் கலப்பதுண்டு என்கிறது ஒரு கோழி. நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, பாலை விடுங்கள், அறுவடைதான் முக்கியம் என்கிறது. சாயங்காலம் திரும்பி வந்தால் பால் இல்லை. அது பன்றிகளின் தீவனத்துக்குத்தான் போகிறது என்பது அடுத்த அத்தியாயத்தில் தெரியவருகிறது. கூடவே ஆப்பிளும். எங்களில் பலருக்குப் பாலே பிடிக்காது, உங்கள் நன்மைக்காகத்தான் குடிக்கிறோம், இல்லாவிட்டால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான் என்று நெப்போலியனுக்காகப் பேசும் பன்றியான ஸ்குவீலர் விளக்குகிறது. அதோடு எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள். கதையின் திருப்புமுனை இந்த இடம்தான் என்று ஆர்வெல்லே 1946இல் ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார். இதைப் புரிந்துகொள்ள ரஷ்யா தெரிய வேண்டியதில்லை.

அப்புறம் பாத்திர வகைகள். ரிப்பனுக்கும் சர்க்கரைக்கும் ஏங்கும் மோலி என்ற குதிரை, இரண்டு பக்கமும் ஓட்டுப் போடும் பூனை எல்லாம் மாணவர்களுக்கே பிடிபட்டுவிடும். நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டியது பெஞ்சமின் என்ற கழுதையிடம். பாக்ஸருக்கு 'டி' எழுத்தைத் தாண்டி ஏறவில்லை. பெஞ்சமினோ பன்றிகளுக்குச் சமமாக வாசிக்கும், ஆனால் வாசிப்பதில்லை. பண்ணையின் சட்டமாகச் சுவரில் எழுதியுள்ள கட்டளையைப் படித்துச் சொல் என்று குளோவர் என்ற குதிரை கேட்டபோதும் மறுத்துவிடுகிறது. ராத்திரியில் ஸ்குவீலர் ஏணியிலிருந்து விழுந்து, பக்கத்தில் பெயின்ட் டப்பா கவிழ்ந்து கிடக்கும்போது, பன்றிகள் கட்டளைகளை ரகசியமாக மாற்றி எழுதுகின்றன என்பது பெஞ்சமினுக்குப் புரிந்துவிடுகிறது. தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது. பாக்ஸரை ஏற்றிய வண்டியில் குதிரைக் கசாப்புக்காரன் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகுதான் ஓடி வந்து, உரக்கப் படிக்கிறது. வண்டி கிளம்பிவிட்டது. என் கணக்கில் நாவலின் கடுமையான பகுதி இதுதான். உங்கள் அட்டவணையில் பெஞ்சமினுக்கு எதிரே போட ஒரு ரஷ்யப் பெயர் கிடையாது என்பதாலேயே வகுப்புகளில் இது விடுபட்டுப்போகிறது.

இதெல்லாம் ஆனபின் 1917 ரஷ்யப் புரட்சிக்கு வாருங்கள். அட்டவணையை மாணவர்களே போடட்டும். எங்கே பொருந்தவில்லை என்றும் கேளுங்கள். லெனினுக்கு ஏன் தனியாக ஒரு பன்றி இல்லை? விலங்குகள் கட்டிய காற்றாலையை எதிரிகள் வெடிவைத்துத் தகர்க்கும்போது எல்லா விலங்குகளும் குப்புற விழுகின்றன, நெப்போலியன் மட்டும் நிற்கிறது. முதலில் எழுதியதில் அதுவும் விழுவதாகத்தான் இருந்தது. ஜெர்மன் படை நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டுப் போகவில்லை, அவருக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று 1945இல் புத்தகம் அச்சாகும் முன் ஆர்வெல் திருத்தினார். எதிரிக்கும் கணக்குத் தப்பக் கூடாது என்று பார்த்த ஆள். உருவகக் கதை எழுதுபவர்களிடம் இது அபூர்வம்.

1954இல் வந்த கார்ட்டூன் படத்தை வகுப்பில் காட்டுவதாக இருந்தால் கடைசியில் காட்டுங்கள். அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் பணத்தில் எடுத்த படம் அது. நாவலில் விலங்குகள் ஜன்னலுக்கு வெளியே நின்று மனிதர்களையும் பன்றிகளையும் மாறி மாறிப் பார்ப்பதோடு சரி. படத்தில் பெஞ்சமின் தலைமையில் திரண்டு போய்ப் பன்றிகளைக் கவிழ்த்துவிடுகின்றன. பெஞ்சமினா இதைச் செய்யும் என்று கேட்டால் போதும், ஒரு மணி நேரம் தாராளமாகச் சண்டை போடுவார்கள்.